உன் டியூபாவுக்குப் பொருந்திய மவுத்பீஸ்

இன்றைக்கு மதியம் வீட்டில் மோர்மிளகாய் வறுத்தார்கள். அடுப்படியிலிருந்து அந்த நெடி வந்ததுமே இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும் என்றுதான் உட்கார்ந்தேன். தயிர்ச்சோற்றோடு ஒன்றைக் கடித்தேன். கீழுதட்டின் உள்பக்கம் நெருப்பை வைத்ததுபோல் எரிந்தது. தட்டை நகர்த்திவிட்டு, "காரம் ஜாஸ்தி" என்றேன். என் மனைவி திரும்பிப் பார்த்து, "மோர்மொளகா பின்ன இனிக்குமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்ன அந்த 'காரம் ஜாஸ்தி'யை இதே மாதிரி சொன்னவன் நீ. செங்கம் ரோட்டில் உன் வீட்டுக்காரி நடத்துகிற டிபன் கடையில், அவள் அரைத்த காரச் சட்னியைத் தள்ளிவைத்துவிட்டு, "காரம் ஜாஸ்திம்மா, இன்னாத்துக்கு இவ்ளோ மொளகா" என்றாய். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே கூழ் குடிக்கிறவன் நீ. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "வயசாயிடுச்சுடா உனக்கு" என்று கிண்டல் செய்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

கை கழுவிவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று உதட்டைப் பிதுக்கிப் பார்த்தேன். ஒரு புண். ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, மிளகு அளவுக்கு. இது நேற்று வந்ததல்ல, எனக்குத் தெரியும். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும்போதே இருந்தது. இப்போது ஆவணி முடியப்போகிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போன இடத்துக்குத் தபால் கிடையாது. இருந்தாலும் என் கோபத்தைக் கொட்ட உன்னை விட்டால் ஆள் இல்லை.

நம் பேண்டு செட்டில் நீ டியூபா, நான் யூஃபோனியம், இரண்டும் ஊதுகிற பித்தளை வாத்தியம். கல்யாண வீட்டில் யாராவது இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "அவன் மடியில இருக்கறது கன்னுக்குட்டி, என் தோள்ல இருக்கறது எருமை" என்பாய். எருமைதான். பௌர்ணமியன்று ஆட்டோவை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மண்டபத்தில் வாசித்துவிட்டு அடி அண்ணாமலைக்கு வீடு திரும்ப வேண்டுமென்றால், கிரிவலம் வருகிற கூட்டத்துக்கு நடுவே நீ அந்த எருமையைத் தூக்கிக்கொண்டு நடப்பாய். ஒருமுறை அப்படி நடந்து வந்த மறுநாள், மாப்பிள்ளை அழைப்பில் ஊதினால் சத்தமே வரவில்லை. கவிழ்த்துத் தட்டினோம். சுண்டல் தின்ற தொன்னை இரண்டு விழுந்தது. யாரோ குப்பைத்தொட்டி என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். "புண்ணியவான்க, சுண்டல் மிச்சம் வைக்கலியே" என்றாய்.

அந்த நாட்களில் நம் இருவர் வாயிலும் எப்போதும் பொட்டலப் பாக்கு இருந்தது. புகையிலை கலந்த பாக்கு. நீ இடது கன்னத்தில் ஒதுக்குவாய், நான் கீழுதட்டுக்குள். விட்டது எப்படி என்று நினைவிருக்கிறதா? போளூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில், டியூபாவுக்குள் சேர்ந்த எச்சில் தண்ணீரை வடிக்க அதை ஒரு பக்கமாகச் சாய்த்தாய். செக்கச்செவேலென்று வடிந்தது. வடிந்த இடம் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி. மாப்பிள்ளையின் அம்மா "ஐயோ ரத்தம்" என்று போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பேண்டு மாஸ்டர் நம் இரண்டு பேரையும் மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "இனிமே எவன் வாயிலயாவது பாக்கப் பாத்தேன், வாத்தியத்த வெச்சுட்டு நடையக் கட்டிடு" என்றார். அன்றைக்கே விட்டோம். அதற்கப்புறம் யார் கேட்டாலும், "விட்டாச்சுபா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். விட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

பல வருஷங்கள் கழித்துத்தான் உனக்கு அந்தப் புண் வந்தது.

உன்னுடைய பழைய மவுத்பீஸை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மீரட்டில் செய்தது. உதட்டை வைத்து ஊத உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணமும் ஒரு குட்டைக் காம்பும், அவ்வளவுதான். காம்பு உன் டியூபாவின் குழாய்க்குக் கொஞ்சம் சின்னது. அதனால் கல்யாணப் பத்திரிகையைக் கீற்றாகக் கிழித்துச் சுற்றி இறுக்குவாய். எந்தக் கல்யாணத்தில் வாசிக்கிறாயோ அந்தப் பத்திரிகையையே கிழிப்பாய். அந்த வீட்டுக்காரர்கள் பார்த்துவிடப்போகிறார்கள் என்று நான் பதறுவேன். ரிம் என்கிற விளிம்பில் வெள்ளி முலாம் தேய்ந்து, கீழ்ப்பக்கம் பித்தளை பல்லிளித்தது. புண் வந்தது சரியாக அந்த இடம் உதட்டில் படுகிற இடத்தில். பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மாஸ்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். "வெள்ளி போன எடத்துல பித்தள கடிக்குது. மவுத்பீஸ மாத்துடா." டிரம்பெட் ஊதுகிறவன் ரிம் குறுகல் என்றான். கிளாரிநெட்காரர், அவருக்குச் சம்பந்தமே இல்லை, அவரும் ஒன்று சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "உடம்புச் சூடுடா, மணத்தக்காளிக் கீரை துன்னு, அப்படியே மவுத்பீஸையும் மாத்து" என்றேன். ஊதுகிறவன் உதட்டில் புண் வருவது கொத்தனார் கையில் காய்ப்பு வருவதுபோல. அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ரிம்மைத்தான் தடவிப் பார்ப்போம்.

அதற்கப்புறம் நீ பிடித்த பிடி இருக்கிறதே! பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன்கூட அத்தனை அலைந்திருக்க மாட்டான். சென்னையில் அந்த வாத்தியக் கடையில் கண்ணாடி மேஜைமேல் எல்லாவற்றையும் வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் வாயில் வைத்து, டியூபா இல்லாமல் வெறும் உதட்டாலேயே 'பர்ர்' என்று அதிரவிட்டாய். வீணைக்குத் தந்தி வாங்க வந்த மாமி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. நீ கண்டுகொள்ளவே இல்லை. "அகலமான ரிம் மெத்த மாதிரி, ஒதடு நோவாது. ஆனா வேகமான பாட்டுல தூங்கிடும். குறுகலானது சொன்ன பேச்சு கேக்கும், ஆனா வெட்டும். கிண்ணம் ஆழமா இருந்தா சத்தம் கெணத்துக்குள்ளேருந்து வரும், மூச்சும் கெணத்தளவு வேணும்" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தாய். கடைசியில் மெத்தையைத்தான் வாங்கினாய்.

அப்போது ஆடி மாதம். கல்யாணம் இல்லை, ஊதுவதும் இல்லை. எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. "பாத்தியா, ரிம்முதான்" என்றாய். நானும் "அதானே" என்றேன். ஆவணியில் மறுபடியும் எரிந்தது. பிளாஸ்டிக்கில் ஒன்று வரவழைத்தாய். அதில் ஊதினால் காலிக் குடத்துக்குள் இருமுவதுபோல் இருந்தது. மாஸ்டர் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு அந்த வெள்ளைக்காரர் வந்தார். ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்த தெருவில் அறை எடுத்திருந்தவர். தினமும் உன் வீட்டுக்காரியின் கடையில் இட்லி தின்பார், சட்னி இல்லாமல். நீ டியூபாவோடு கடைக்கு வந்த அன்று மனுஷர் இட்லியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். அவருடைய ஊரில் பெரிய குழு ஒன்றில் அதே வாத்தியம் ஊதி ஓய்வு பெற்றவராம். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் சேர்ந்து எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடித்தோம். அவர் உன் உதட்டைப் பிதுக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். அவருக்கும் ஒரு பழைய தழும்பு. அவருக்கும் ஒருகாலத்தில் ரிம் வெட்டியிருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கடல் தாண்டி வந்தவரும் மாஸ்டர் சொன்னதையே சொல்கிறாரே! அடுத்த நாள் துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து உன் கையில் வைத்தார். தங்க முலாம் பூசியது. அவர் இனி ஊதுவதில்லையாம்.

அதைச் செருகினாய். காகிதம் சுற்றாமலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. கடை வாசலில் நின்று ஒரே ஒரு சுரம், அடி சுரம், பிடித்தாய். அலமாரியில் கவிழ்த்திருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது. உன் வீட்டுக்காரி தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இதுக்கு எத்தினி கடை ஏறி எறங்கியிருப்பீங்க ரெண்டு பேரும். ஒரு டாக்டர் வாசப்படி ஏறினீங்களா?"

நீ மவுத்பீஸைத் துடைத்துக்கொண்டே, "டாக்டருக்கு டியூபா தெரியுமாடி?" என்றாய்.

எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்கச் சிரித்தேன். அர்த்தம் புரியாத வெள்ளைக்காரரும் நம்மைப் பார்த்துச் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மிச்சத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாடைக்குக் கீழே கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் போனோம். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நீ மவுத்பீஸ் உரசலைப் பற்றிச் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "இன்னும் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அறுத்தெடுத்துவிட்டு, முகத்தில் பாதிக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அடுத்த ஆவணிக்கு நீ இல்லை.

உன் ஊர்வலத்தில் செட்டு முழுவதும் வந்தது. டியூபாவுக்கு ஆள் இல்லை. மாஸ்டர் என் பக்கம் பார்த்தார். நான் கன்றுக்குட்டியைக் கீழே வைத்துவிட்டு உன் எருமையைத் தோளில் ஏற்றினேன். அதிலிருந்து அது என்னிடம்தான் இருக்கிறது, அந்தத் தங்க மவுத்பீஸோடு. இத்தனை வருஷம் ஊதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அது சரியான மவுத்பீஸ்டா. உன் டியூபாவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. விளிம்பு வழவழவென்று இருக்கிறது, எதையும் வெட்டாது. நாம் தேடியது கிடைத்துவிட்டது. கிடைத்தும் என்ன? அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இப்போது அதே வழவழப்பான விளிம்புக்குக் கீழே எனக்கும் ஒரு புண். நேற்று ஒத்திகையில் மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? "கொஞ்சம் அகலமான ரிம் போட்டுப் பாருடா."

*

மேலே உள்ளதை எழுதி நாலைந்து நாள் ஆகிறது. அப்போது எழுந்து போனவன் இன்றைக்குத்தான் மறுபடியும் உட்கார்கிறேன். உதட்டில் தையல் போட்டிருக்கிறார்கள். பேசினால் இழுக்கிறது, எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அத்தனையையும் எழுதிவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் நான் போன இடம் ஆஸ்பத்திரி அல்ல. உன் வீட்டுக்காரியின் கடை. சென்னையில் நீ வாங்கிய அந்த மெத்தை மவுத்பீஸ் அவளிடம்தானே இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம் என்றுதான் போனேன். புத்தி போகிற போக்கைப் பார். வழியெல்லாம் எனக்குள் ஒரு வாதம்: உனக்கு வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு, நீ கன்னத்தில் ஒதுக்கினாய், நான் உதட்டில். உதட்டில் ஒதுக்கியவனுக்கு உதட்டில் வந்திருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. செருப்புப் பழகுகிற வரைக்கும் கடிக்கத்தான் செய்யும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எத்தனை வருஷமாகப் பழகிய செருப்பு!

கடையில் கூட்டம். கல்லில் நாலு தோசை வெந்துகொண்டிருந்தது.

"வாண்ணா. இன்னா இந்நேரத்துல?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. அவனோட பழைய மவுத்பீஸ் ஒண்ணு இருக்குமே, ரிம் அகலமா..."

"எதுக்கு?"

"இப்ப இருக்கறது கொஞ்சம் குத்துது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து, செல்போனில் விளக்கைப் போட்டு, "வாயத் தொற" என்றாள். நான் சுற்றிலும் பார்த்தேன். சாப்பிடுகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். "தொறண்ணா" என்றாள் மறுபடியும். திறந்தேன். உதட்டை அவளே விரலால் பிதுக்கினாள். மாவு வாசனை அடித்தது.

"எத்தினி நாளா இருக்கு?"

"இப்பதான் ஒரு வாரமா..."

"பொய் சொல்லாத. அவரும் இப்படித்தான் சொன்னாரு."

கல்லிலிருந்த தோசை தீய்ந்து புகை வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். "சாப்ட்டவங்க கெளம்புங்க, சாப்டாதவங்க வேற கடைக்குப் போங்க, நான் சாத்தறேன்" என்றாள். ஒருவர், "இன்னாம்மா, தோசை சொல்லியிருக்கேனே" என்று முனகினார். அவள் பார்த்த பார்வையில் எழுந்துவிட்டார். நான் அசட்டுத்தனமாக, "மவுத்பீஸ் எங்கம்மா இருக்கு?" என்று இன்னொரு தடவை கேட்டேன்.

"எல்லாம் உள்ள ஒரு டப்பால கெடக்குது. அப்பால வந்து எது வேணுமோ எடுத்துக்கோ. மொதல்ல என்கூட வா."

ஆட்டோவில் ஏறியதும் என் மனைவிக்குப் போன் போட்டாள். "அக்கா, அண்ணன நான் கூட்டிட்டுப் போறேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு. பயப்படாத" என்று சொன்னாள். தேரடி வீதியில் நெரிசலில் ஆட்டோ நின்றபோது எந்தக் கல்யாணத்துக்கோ வேறு செட்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டு போனார்கள். அதில் டியூபா இல்லை. அடி சுரம் இல்லாமல் பாட்டு தரையில் கால் பாவாமல் போனது. என்னை அறியாமல் அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்த டாக்டர் மறுநாள் காலையில் வரச் சொன்னார். மறுநாள் என் மனைவியும் அவளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார, நடுவில் நான், பள்ளிக்கூடத்தில் விடப்போகிற பிள்ளை மாதிரி. டாக்டர் சின்ன வயதுப் பெண். பாக்கைப் பற்றிக் கேட்டார். "விட்டாச்சும்மா" என்றேன். நெஞ்சு நிமிரவில்லை. "விட்டது நல்லதுங்க. ஆனா போட்டவங்க அடிக்கடி வந்து காட்டிட்டே இருக்கணும், யாரும் சொல்லலையா?" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, சோதனைக்காகக் கிள்ளியது மாதிரி ஒரு துளி சதை எடுத்தார்கள். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், எதுவாக இருந்தாலும் சீக்கிரம் வந்ததால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முடிவு வருகிற வரைக்கும் ஊதக் கூடாது. மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான்தான்டா அவனுக்கும் ரிம்ம மாத்தச் சொன்னேன்" என்றார். எல்லோரும்தான் சொன்னோம்.

என் மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். நானும் உன் வீட்டுக்காரியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உதடு மரத்துப்போய் என்னுடையதாகவே இல்லை. அப்போது அவள் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"பயமா இருக்காண்ணா?"

அவ்வளவுதான். எத்தனை சாவு வீட்டில் கல்லுமாதிரி நின்று வாசித்தவன் நான், உன் ஊர்வலத்திலும் மூச்சு உடையாமல் வாசித்தவன், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். "ஆமாம்மா" என்று சொல்ல வந்தேன், மரத்த உதட்டில் அது வார்த்தையாக வரவில்லை. அவள் தலையாட்டினாள். தேற்றவெல்லாம் இல்லை, சும்மா பக்கத்தில் இருந்தாள். அழுது முடித்தபோது கொஞ்சம் இலேசாக இருந்தது. புண் அப்படியேதான் இருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை, ஆனாலும் அந்த ராத்திரி தூங்கினேன்.

அதிலிருந்து இதுதான் மனசில் கிடந்து அறுக்கிறது. நீ உதட்டைப் பொத்திக்கொண்டு அலைந்த அத்தனை மாதமும் நான் உன்கூடவே இருந்தேன். ரிம் குத்துதா என்று கேட்டேன். கிண்ணம் ஆழமா என்று கேட்டேன். மூச்சு போதுதா, காம்பு ஆடுதா, பித்தளை வாசம் அடிக்குதா என்றெல்லாம் கேட்டேன். சென்னைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீ உதட்டை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாய். நான் பார்த்தேன். அப்போதும் மவுத்பீஸைப் பற்றித்தான் பேச்சுக் கொடுத்தேன். நீயும் விடாமல் அதையே பேசினாய். மவுத்பீஸ் என்றால் கடையில் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் நீ அதை விடவில்லையோ என்று இப்போது படுகிறது.

ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பயமா இருந்துச்சாடா?